ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் புழுக்கம்: கார் ஏர்கோனில் கோளாறு தேடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் ஞாயிற்றுக்கிழமை காலை பசாருக்குப் போய்த் திரும்பினால், என் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் காரை நிறுத்திக்கொண்டு நிற்பார். தோட்டத்தில் என்னோடு வேலை செய்தவர் என்றால் "அண்ணே" என்பார், அவர் மகனாக இருந்தால் "அங்கிள்". சொல்லும் குறை ஒன்றுதான். "எனக்கு ஜில்லுனு இருக்கு, பக்கத்துல உட்கார்ற அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது." அடுத்த கேள்வியும் மாறாது. "கேஸ் போட்டா சரியாயிடுமா?"

ஆகலாம், ஆகாமலும் போகலாம். நான் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். டிராக்டரும் செம்பனை லோரியும்தான் என் தொழில். அந்தக் காலத்து லோரியில் ஏர்கோன் என்றால் கண்ணாடியை இறக்கிவிடுவதுதான். குளிர்ச் சமாச்சாரத்தை நான் கற்றது தோட்டத்துத் துரையின் காரில், அதிலும் பாதி அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது. ஒரு பக்கம் மட்டும் புழுங்கும் காருக்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். கேஸ் அதில் ஒன்று. அடிக்கடி வருவது அதுதான் என்பதால் எல்லாரும் அங்கேயே போய் விழுகிறார்கள்.

நானும் விழுந்திருக்கிறேன். என் காரில் புதிதாக ஒரு ஆண்ட்ராய்டு பிளேயர் பொருத்தினேன். சில வாரத்தில் டேஷ்போர்டில் காற்று வரும் வலப்பக்க ஓர வாயிலிருந்து குளிர் வரவில்லை. இவ்வளவு தெரிந்த நான், சோம்பலில், ஒரு கடையில் விட்டேன். கேஸ் அடித்தார்கள். சரியாகவில்லை. மறுபடி அடித்தார்கள். இப்போது இடப்பக்கமும் குளிர் குறைந்தது, காரணம் கேஸ் மிஞ்சிவிட்டது. கடைசியில் டேஷ்போர்டை நானே கழற்றிப் பார்த்தால், பிளேயரின் ஒயர்க் கட்டு ஓரக் குழாயை இடித்துத் தள்ளி, குழாய் வாயைவிட்டு ஒரு விரற்கடை விலகி நின்றது. குளிர்க் காற்றெல்லாம் டேஷ்போர்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. குழாயைப் பொருத்தி ஒரு டேப் சுற்ற ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அது கேஸ் கோளாறே இல்லை, காற்றுக் கோளாறு.

அதனால் கடைக்குப் போகுமுன் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பக்கம் காற்று வரவில்லையா, காற்று வந்தும் குளிர் இல்லையா?

பதினைந்து நிமிடச் சோதனை

தேவை ஒரு டிஸ்யூ தாள், குச்சி போன்ற முனையுள்ள ஒரு சமையல் தெர்மாமீட்டர், பேனா, காகிதம்.

காரை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி எல்லாம் மூடி, ஏர்கோனைக் கடைசிக் குளிருக்கு வைத்து, உட்காற்றுச் சுழற்சி பட்டனை அழுத்தி, காற்றைத் தள்ளும் விசிறியான புளோவரை மூன்றில் வையுங்கள். டேஷ்போர்டின் நான்கு வாயும் முழுக்கத் திறந்திருக்கட்டும். என்ஜினை 1,500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு டிஸ்யூவை ஒவ்வொரு வாய்க்கும் ஒரே தூரத்தில் பிடித்து, எது எவ்வளவு பறக்கிறது என்று பாருங்கள். அடுத்து தெர்மாமீட்டரை ஒவ்வொரு வாயிலும் இரண்டு நிமிடம் செருகி எண்ணைக் குறியுங்கள்: இட ஓரம், நடு இடம், நடு வலம், வல ஓரம்.

வெளியே 32, 33 டிகிரி இருக்கும் நம் ஊர் வெயிலில், நல்ல நிலையில் உள்ள காரின் நடு வாயில் 5 முதல் 12 டிகிரிக்குள் ஏதாவது ஒரு எண் வரும். ஓர வாய்களுக்குக் குழாய் நீளம், அதனால் இரண்டு மூன்று டிகிரி கூடினால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். இட வலத்துக்கிடையே ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் தேட வேண்டும்.

நான்கு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நடு வாய்கள் இரண்டும் ஒரே குளிராக இருந்து ஒரு ஓர வாய் மட்டும் சூடாக இருந்தால், சந்தேகம் குழாய்மேல். காற்றுப் பெட்டியிலிருந்து நடு வாய்க்கு வழி கிட்டத்தட்ட நேர், ஓரத்துக்குத்தான் சுற்றுவழி. நடு வலமும் வல ஓரமும் சேர்ந்தே சூடு என்றால் பெட்டிக்குள்ளேயே ஏதோ நடக்கிறது.

இன்னொரு கேள்வி: சூடான பக்கம் எவ்வளவு சூடு? வெளிக்காற்றின் அளவோ அதற்குக் கொஞ்சம் கீழோ என்றால் அங்கே குளிர் போதவில்லை. வெளிக்காற்றைவிடவே சூடு, 40, 45 என்று அனலடிக்கிறது என்றால் ஹீட்டரின் வெந்நீர் அந்தப் பக்கம் கலக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

ஹீட்டர் உங்கள் காரில் இருக்கிறதா என்று குமிழைப் பார்த்தாலே தெரியும். நம் நாட்டில் விற்ற சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. குமிழில் நீலக் கோடு மட்டும் இருக்கும், சிவப்பு இருக்காது. அப்படியானால் வெந்நீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

ஒரு பக்கம் காற்றே குறைவு

டிஸ்யூ ஒரு பக்கம் பட்டம் போலப் பறந்து மறுபக்கம் சும்மா தலையாட்டினால் இந்த வகை. முதலில் அந்த வாயின் ஓரத்துச் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பிள்ளைகள் உருட்டி மூடிவிட்டதை நான் இரண்டு முறை "பழுது பார்த்து" அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து, அண்மையில் டேஷ்போர்டைக் கழற்றினீர்களா? பிளேயர், அலாரம், கேமரா எது பொருத்தியிருந்தாலும் அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். குழாய் விலகியிருந்தால் ஒரு அறிகுறி உண்டு. டேஷ்போர்டின் மேல்தோலைத் தடவினால் ஓரிடம் மட்டும் ஜில்லென்று இருக்கும். சில நேரம் உள்ளே வியர்த்துச் சொட்டும்.

இரண்டுமில்லை என்றால் எலி. தோட்டப்புறத்தில் கார் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பனைப் பழம் தின்னும் எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். ஆந்தைக்குத் தப்பியது பானெட்டுக்குள் வருகிறது, என்ஜின் சூடு அதற்குக் கதகதப்பு. கண்ணாடித் துடைப்பான்களுக்குக் கீழே உள்ள வெளிக்காற்று வழியாகப் புகுந்து, புளோவருக்குமேல் பஞ்சும் பழநாரும் சேர்த்துக் கூடு கட்டிவிடும். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் ஏர்கோன் பில்டர் கைக்கு வரும். பில்டர் கடித்துக் குதறியிருந்தால் அதைத் தாண்டியும் பாருங்கள், பஞ்சுத் துண்டுகள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் முகத்தில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும். அடைத்த பக்கம் காற்று போகாது. ஒன்று கட்டாயம்: கையுறையும் முகமூடியும் இல்லாமல் எலிக்கூட்டைத் தொடாதீர்கள். காய்ந்த கழிவைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கித் துடைத்து எடுங்கள். எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

பால்மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்களுக்கு வருடத் தொடக்கத்தில் வேறு தொல்லை. மரம் இலை கொட்டும் மாதங்களில் சருகு அதே வழியாக உள்ளே இறங்கும். பில்டர் இல்லாத பழைய கார் என்றால் நேரே காயிலில் போய்ப் படியும். செம்மண் புழுதியும் ஈரமும் சேர்ந்தால் அது பூசின சுவர்தான். இதற்குக் காயிலைக் கழுவ வேண்டும். சில கார்களில் புளோவரை இறக்கிவிட்டே கழுவிவிடலாம், சிலவற்றில் டேஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும். கூலி கேட்கும்போது இந்த இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று சமம், ஒரு பக்கம் மட்டும் குளிர் இல்லை

சூடான பக்கம் வெளிக்காற்றைத் தாண்டாமல், மந்தமாக இருக்கிறதா? இப்போது நீங்கள் கேஸைப் பற்றிப் பேசலாம்.

கேஸ் குறைந்தால் இரண்டு பக்கமும்தானே குறைய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் எப்படி என்று கேட்பார்கள். பழைய லயத்தில் வளர்ந்தவருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவேன்: லயத்துத் தண்ணீர்க் குழாய் மாதிரி. மேட்டுத் தொட்டியிலிருந்து ஒரே குழாய் லயம் நெடுக ஓடும். தொட்டியில் தண்ணீர் குறைந்த நாளில் முதல் மூன்று வீட்டில் குடம் நிறையும். கடைசி வீட்டில் குழாயைத் திறந்தால் "உஸ்" என்று காற்றுதான் வரும்.

கூலிங் காயிலும் அப்படித்தான். கேஸ் என்று நாம் சொல்வது அதற்குள் திரவமாக நுழைந்து கொதித்து ஆவியாகிறது. இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். திரவம் ஆவியாகும் இடத்தில்தான் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. அளவு சரியாக இருந்தால் காயிலின் கடைசி வளைவு வரை திரவம் எட்டும். குறைந்தால் பாதி வழியிலேயே எல்லாம் ஆவியாகிவிடும், மிச்சக் குழாயில் ஓடுவது வெறும் ஆவி. அந்தப் பாதியைத் தொட்டு வரும் காற்று குளிராது. திரவம் நுழையும் பக்கம் எந்த இருக்கைக்கு அருகே இருக்கிறதோ அவர் நடுங்குவார், மற்றவர் வியர்ப்பார். எந்தப் பக்கம் என்பது காருக்குக் கார் மாறும்.

அழுத்தம் காட்டும் கேஜ் இல்லாமலே ஓரளவு பார்க்கலாம். பானெட்டைத் திறந்து, என்ஜின் அறையிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஏர்கோன் குழாய்களைத் தேடுங்கள். தடித்தது உள்ளேயிருந்து திரும்பி வருவது. அது ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தும் இந்தத் தடித்த குழாய் வியர்க்காமல் இருந்தால், காயிலின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை. மெல்லிய குழாய் பக்கம் கை வைக்கும்போது கவனம், அது சுடும். ஃபேனும் எந்த நொடியிலும் சுழலும்.

கடையில் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஆர்-134ஏ காருக்கு நம் வெயிலில், என்ஜின் ஓடும்போது, தாழ்பக்கம் ஏறக்குறைய 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர்பக்கம் 180 முதல் 250. இரண்டுமே கீழே கிடந்தால் கேஸ் குறைவு. தாழ்பக்கம் மட்டும் தரையில் விழுந்து உயர்பக்கம் இறங்காமல் நின்றால் எங்கோ அடைப்பு, அனேகமாகக் காயிலுக்குள் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பென்ஷன் வால்வில். இரண்டும் எகிறினால் கேஸ் மிஞ்சியது, அல்லது கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் காயிலான கண்டென்சருக்குக் காற்று போதவில்லை.

ஒரு தந்திரத்துக்கு மட்டும் ஏமாறாதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜைக் காட்டி, "பாருங்க, நூறு இருக்கு, கேஸ் ஃபுல்" என்பார்கள். 30, 32 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ சும்மா நின்றாலே 95 முதல் 105 வரை காட்டும், உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருந்தால் போதும். சமையல் கேஸ் தோம்பு பாதி காலியானாலும் அடுப்பு அதே வேகத்தில் எரிவதில்லையா? அழுத்தத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. அளவைத் தராசுதான் சொல்லும். பானெட்டின் அடியிலோ முன்பக்கத் தகட்டிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500. அவ்வளவு சின்ன அளவில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரம் வேக்கும் (வெற்றிடம்) இழுத்து, தராசில் வைத்து ஏற்றுகிற கடைக்குப் போங்கள். கண்ணளவில் "கொஞ்சம் டாப்-அப்" செய்கிற கடைக்கு நான் இனிமேல் போகமாட்டேன்.

கேஸ் ஒன்றும் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர்ந்துபோக. பல வருடத்தில் ரப்பர்க் குழாய் வழியே கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆறு மாதத்தில் குறைந்தால் ஓட்டை இருக்கிறது. கசியும் இடத்தில் கேஸோடு எண்ணெயும் வரும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்பு வட்டமாகத் தெரியும். இணைப்புகளையும் கண்டென்சரின் மூலைகளையும் பாருங்கள். கண்ணுக்குப் படாவிட்டால் சாயம் கலந்து நீல விளக்கில் பார்ப்பார்கள். ஓட்டையை அடைக்காமல் ஏற்றுகிற கேஸ் காற்றில்தான் போய்ச் சேரும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில், சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்று கணக்கு, அதனால் குழாயைத் திறந்து "புஸ்" என்று வெளியே விடும் ஆளையும் தவிர்த்துவிடுங்கள்.

புது மாடல் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். அதில் ஆர்-134ஏ-யைக் கலக்கக் கூடாது.

நிற்கும்போது புழுக்கம், ஓடினால் சரி

சிக்னலில் நின்றால் ஒரு பக்கம் சூடாகி, நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டும் சமமாகிவிடும். கேஸ் எல்லைக்கோட்டில் நிற்கும் காரில் இது முதல் எச்சரிக்கை: கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் மெதுவாகச் சுழல்வதால் காயிலை முழுக்க நிரப்ப முடிவதில்லை. ஆனால் கேஜுக்குமுன் கண்டென்சரைப் பாருங்கள். தோட்டத்து மண்சாலையில் லோரிக்குப் பின்னால் ஓடிய காருக்கு அதன் இதழ்களுக்கிடையே செம்மண் அப்பியிருக்கும். தோட்டத்துக் குழாய் போட்டு மெதுவாகக் கழுவினால் போதும். பிரஷர் ஜெட்டை நெருக்கிப் பிடித்தால் இதழ் மடங்கிவிடும், அப்புறம் அதை நிமிர்த்துவது பெரும்பாடு. ஏர்கோன் போட்டதும் ஃபேன் சுழல்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

முதல் அரை மணி நேரம் அருமை, பிறகு ஒரு பக்கம் காற்று செத்துவிடுகிறது

கோலாலம்பூருக்குக் கிளம்பியவர் சிலிம் ரீவரைத் தாண்டும்போது சொல்வது இது. காயிலில் ஐஸ் கட்டுகிறது. மிகக் குளிர்ந்த பகுதியில் முதலில் கட்டும், அதனால் அந்தப் பக்கத்துக் காற்று முதலில் அடைபடும். உறுதிப்படுத்த, ஏர்கோனை அணைத்துவிட்டு புளோவரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி வந்து, கார் அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் ஒழுகினால் ஐஸ்தான். காயிலின் குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை நிறுத்தும் சென்சார் கெட்டிருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைவாலும் வரும். மலிவானதிலிருந்து தொடங்குங்கள், பில்டர்.

இரண்டு குமிழ் உள்ள கார்: ஒரு பக்கம் அனல்

ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்து இருக்கைக்கு ஒன்று எனத் தனித்தனி வெப்பநிலை வைக்கும் கார்கள் இப்போது இரண்டாங்கையில் நம் ஊருக்கும் வந்துவிட்டன. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், என் மகளுக்கு மூத்தவர், அப்படி ஒன்று வாங்கினார். ஒரு மாதம் கழித்து வந்தார். "அங்கிள், நான் ஓட்டுறப்ப ஸ்வெட்டர் போடுறேன். அவரு பக்கத்துல உட்கார்ந்து வேட்டியால விசிறிக்கிறாரு."

இந்தக் கார்களில் கூலிங் காயில் ஒன்றுதான், ஹீட்டர் காயிலும் ஒன்றுதான். பக்கத்துக்கு ஒரு மடல் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு ஹீட்டர் வழியாகப் போக வேண்டும் என்பதை மடல் தீர்மானிக்கும், மடலைத் திருப்புவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன மோட்டார். அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் உடைந்தால் மடல் பாதியில் நின்றுவிடும்.

டேஷ்போர்டில் காது வையுங்கள். சாவி திருப்பியதும் அல்லது வெப்பநிலையை மாற்றியதும் சில நொடி "டக் டக் டக்" என்று பல்லிச் சத்தம் கேட்டால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது. ஆனால் சத்தம் இல்லாமலும் கெடும்.

இரண்டு பக்கத்தையும் கடைசிக் குளிருக்கு வையுங்கள். இந்த நிலையில் இரண்டு மடலும் ஹீட்டர் வழியை முழுக்க மூடியிருக்க வேண்டும். இப்போதும் ஒரு பக்கம் சூடு என்றால், அது மடலா கேஸா? இதற்குக் கருவியே வேண்டாம், காலை நேரம் போதும். இரவெல்லாம் நின்று ஆறிய காரைக் கிளப்பி உடனே ஏர்கோன் போடுங்கள். என்ஜின் தண்ணீர் இன்னும் சுடவில்லை, எனவே ஹீட்டரும் சுடாது. முதல் இரண்டு மூன்று நிமிடம் இரண்டு பக்கமும் சமமாகக் குளிர்ந்து, என்ஜின் சூட்டு முள் ஏற ஏற ஒரு பக்கம் மட்டும் சூடானால் வெந்நீர் கலக்கிறது: மடல். தொடக்கத்திலிருந்தே ஒரு பக்கம் மந்தம் என்றால் காயிலுக்குக் கேஸ் போதவில்லை. ஆசிரியையின் காரில் முள் நடுவுக்கு வந்தபோது இட ஓர வாய் 44 காட்டியது.

மடல்தான் என்று தெரிந்தபின் உடனே மோட்டார் வாங்காதீர்கள். பேட்டரி கழற்றி மாட்டியபின் மோட்டாரின் கணக்கு சில சமயம் குழம்பிவிடும். பேட்டரியின் மைனஸ் முனையைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பல கார்களில் மோட்டார் இரண்டு எல்லைக்கும் ஒரு முறை போய் வந்து தன் இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். அந்த நேரம் குமிழ்களைத் தொடக் கூடாது. ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் கார் என்றால் எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன் இல்லையென்றால் மோட்டாரைக் கழற்றுங்கள். இடப்பக்கத்தது பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஓட்டுநர் பக்கத்தது காலடியில், ஸ்டியரிங் தண்டுக்கு அருகே, தலைகீழாகப் படுத்தால்தான் தெரியும். மடலின் தண்டைக் கையால் திருப்புங்கள். லேசாகத் திரும்பி அந்தப் பக்கம் குளிர் வந்தால் மடல் நலம், மோட்டார் போய்விட்டது. தண்டே இறுகியிருந்தாலோ எதிலும் மாட்டாமல் சுற்றினாலோ உள்ளே மடல் உடைந்திருக்கிறது. அது பெரிய வேலை, டேஷ்போர்டு இறங்கும். சில கார்களில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணுள்ள மோட்டார். மாற்றிப் பொருத்திப் பாருங்கள். சூடும் பக்கம் மாறினால் காசு செலவழிக்க வேண்டியது எதற்கு என்று தெரிந்துவிடும்.

ஆசிரியையின் காரில் பல் இரண்டு போயிருந்தது. பழைய கார் உதிரிக் கடையில் ஒன்று கிடைத்தது. அவர் கணவர் முதல் முறையாக ஸ்வெட்டர் கேட்டார்.

கேமரன் மலையில் ஹீட்டர் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சூடு

தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் ஏறினால் சுமார் 60 கிலோமீட்டரில் தானா ராத்தா, ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். இரவில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், மழையும் சேர்ந்தால் கண்ணாடி மூடுபனியாகிவிடும். வருடம் முழுக்கத் தொடாத சிவப்புப் பக்கத்துக்கு அன்றுதான் குமிழைத் திருப்புகிறோம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் வெறும் காற்று.

மேலே சொன்ன மடல் காரணம் இங்கும் பொருந்தும், திசைதான் மாறுகிறது. ஆனால் கீழ்நாட்டுக் காரில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரை. கூலன்ட் ஊற்றச் சொன்னால், "எதுக்கு அங்கிள், நமக்கென்ன பனியா பெய்யுது" என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் ஏராளம். கூலன்ட் பனிக்காக மட்டும் இல்லை, அதில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் இருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றிய என்ஜினில் காப்பிப் பொடி போல் துரு சேர்ந்து, ஓட்டமே இல்லாத ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்களில் போய்ப் படியும். வெந்நீர் நுழையும் பாதி சூடாகும், அடைத்த பாதி சூடாகாது. மறுபடியும் லயத்துக் குழாய்தான், இந்த முறை வெந்நீர்.

என்ஜின் சூடான பின் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர்க் குழாய்களையும் துணியால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, மடலைத் தேடுங்கள். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் அடைப்பு. டேஷ்போர்டுக்குள் "கொளகொள" என்று ஓசை கேட்டால் குழாயில் காற்று நின்றிருக்கிறது. தண்ணீர் அளவு குறைந்திருக்கும், எங்கே குறைந்தது என்று முதலில் தேடுங்கள். என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. முகம் வெந்தவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடைப்புக்கு, ஹீட்டர் குழாய் இரண்டையும் கழற்றி, வெளிவரும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். முதலில் செம்பு நிறத்தில் வரும், தெளியும்வரை விடுங்கள். வேகமாக விட்டால் பழைய காயில் பிளந்து இடப்பக்கக் கால்மிதி நனையும். பிறகு கார் புத்தகம் சொல்லும் வகைக் கூலன்டை ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள்.

எண்கள் சமம், ஆனாலும் ஒருவருக்கு வேர்க்கிறது

தெர்மாமீட்டர் நான்கு வாயிலும் ஒரே எண்ணைக் காட்டினால் காரைக் கழற்றாதீர்கள், எந்த நேரத்தில் எந்தத் திசையில் ஓட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். பீடோரிலிருந்து பிற்பகலில் கோலாலம்பூருக்கு இறங்கினால் மேற்கு வெயில் முழுக்க வலப்பக்கம், ஓட்டுநரின் தொடைமேல். அதே நேரம் ஈப்போவுக்கு ஏறினால் பக்கத்தில் இருப்பவர் வேகுவார். இதற்கு மருந்து நல்ல வெப்பத் தடுப்புத் தாள்தான். முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடு ஒளி உள்ளே வர வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் விதி. கறுப்பாக இருப்பதெல்லாம் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாள் வாங்கும்போது வெப்பத் தடுப்பு அளவைக் கேளுங்கள்.

தானியங்கி ஏர்கோன் உள்ள காரில் இன்னொன்று. டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழி இருக்கும். வெயிலைப் பார்க்கும் சென்சார் அது. சில கார்களில் இட வலம் இரண்டையும் தனித்தனியே பார்க்கும். அதை மூடிவிட்டால் வெயிலே இல்லை என்று எண்ணிக் கார் குளிரைக் குறைத்துவிடும்.

போன மாதம் ஒருவர் வந்தார். கேஸ் சரி, மடல் சரி, வலப்பக்கம் மட்டும் பகலில் மந்தம், இரவில் கோளாறே இல்லை. அரை மணி நேரம் குழம்பினேன். பிறகுதான் பார்த்தேன், இரண்டு விரல் உயரப் பிள்ளையார் சரியாக அந்தக் குமிழியின்மேல் இரட்டைப் பக்க டேப்பில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையாரைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை, கார்க்காரரையே கழற்றச் சொன்னேன். கும்பிட்டுவிட்டு எடுத்து இட மூலையில் ஒட்டினார். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி மறுபடி அளந்தோம். இட ஓரம் 10, வல ஓரம் 9.